பச்சைக்காப்பு

“யாரு வீட்டுக்கு வந்தா உனக்கு வயித்துக்குள்ள என்னமோ செய்யுது?”

வேதக்கனியிடம் ஒரு காலத்தில் ஒருத்தி இப்படிக் கேட்டிருக்கிறாள். அப்போது வேதக்கனிக்குப் பத்து வயது. கேட்டவள், பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் வந்துபோகும் மங்கையக்கா. விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில், பஞ்சு பிதுங்கிய மெத்தைமேல் உட்காரவைத்து, மத்தியானம் சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். வேதக்கனி கையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “பாத்திரக்கடை மாமா” என்றாள். மங்கையக்கா அதற்கு மேல் எதையும் துருவவில்லை. “சொன்னியே, அது போதும்” என்றாள். அதன் பிறகு பாத்திரக்கடை மாமா அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வேதக்கனிக்குத் தெரிந்தவரை நடந்தது அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தக் கேள்வியை ஒரு குழந்தையிடம் கேட்டால் வேலை போய்விடும். வழக்குப் போட்டால் ஜெயில். அதற்கு ‘ஐயமூட்டல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பச்சைக்காப்புக் கட்டிய ஆண்கள் இருக்கிற வீட்டில் போய்க் குழந்தையிடம் அப்படிக் கேட்பது, காப்புக் கட்டியவர்களுக்கு அவமானம். பிள்ளையின் மனதிலும் இல்லாத பயத்தை ஊன்றுவது. சட்டம் வந்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. இயந்திரமே சொல்லிவிடுகிறது, பிறகு குழந்தையைக் கேட்பானேன்?

அந்த இயந்திரத்தை இயக்குவதுதான் வேதக்கனியின் வேலை.

நாட்டமானி என்பது அதன் பெயர். சாய்வு நாற்காலி, தலையில் கவிழ்க்கும் ஒரு கூடு, எதிரே ஒரு திரை. திரையில் படங்கள் ஓடும். எல்லாம் சாதாரணப் படங்கள்தான். வரப்பில் நிற்கும் கிழவர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண், கோலி அடிக்கும் பையன், முன்பல் விழுந்த சிறுமி. பார்க்கிறவன் வாய் திறக்க வேண்டியதில்லை. எந்தப் படத்துக்கு மூளையின் எந்த மூலை எப்படி அசைகிறது என்று கூடு படித்துக்கொள்ளும். சிறு பிள்ளைகள்மேல் ஒருவனுக்கு ஆசை உண்டா இல்லையா என்பதை, அவன் அதைத் தன்னிடமிருந்தே ஒளித்து வைத்திருந்தாலும், தோண்டி எடுத்துவிடும். இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும். உண்டென்றால் சாம்பல் விளக்கு. பச்சைக்காரர்களுக்கு மணிக்கட்டில் பச்சைக்காப்பு. மற்றவர்களுக்குச் சாம்பல் பட்டை. அவர்களை ‘நிழல்’ என்பார்கள்.

உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் இதற்கு ஒரு சடங்கும் முளைத்திருந்தது. பச்சை வந்ததும் அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று தன் கையால் காப்பைக் கட்ட வேண்டும். மற்ற ஊர்களில் அலுவலரே மாட்டிவிடுவார். இங்கே சர்க்கரை, பூ, போட்டோ எல்லாம் உண்டு. கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைகள் வரும் நாட்களில் அளவுக்கூடம் மண்டபம் மாதிரி இருக்கும்.

“என்ன மாப்ள, இப்படி வேர்க்கு?”

“ஃபேன் ஓடல பெரியப்பா.”

“எங்க காலத்துல ஜாதகம் பாத்தாங்க. இப்ப மூளையக் கழத்திப் பாக்காங்க. பாத்துடே, உள்ள ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரப் போகுது.”

எல்லாரும் சிரிப்பார்கள். வேதக்கனி சிரிக்க மாட்டாள், பேசவும் மாட்டாள். கூட்டைக் கவிழ்ப்பாள், பொத்தானை அமுக்குவாள், விளக்கைப் பார்ப்பாள். சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் அவளுக்கு வாய் வராது. வாயே தேவைப்படாத இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பயிற்சியின்போது, நாட்டமானியை உண்டாக்கிய டாக்டர் நப்பின்னை ஒருநாள் வந்து பேசினார். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். “இந்தக் கருவி ஒருவனுக்குள் என்ன ஆசை இருக்கிறது என்று சொல்லும். அவன் என்ன செய்வான் என்று சொல்லாது. ஆசை இருந்தும் ஒரு குழந்தையின்மேல் விரல் படாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையே இல்லாமல் குழந்தையைக் கெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசை வேண்டியதில்லை. எதிர்த்துப் பேச முடியாத ஓர் ஆள் கிடைத்தால் போதும், கேட்க யாரும் இல்லாவிட்டால் போதும்” என்றார். அவர் அதைச் செய்தது, தானாக வந்து உதவி கேட்கிறவர்களுக்கு வைத்தியம் பலிக்கிறதா என்று பார்க்கத்தானாம். அரசாங்கம் எடுத்துக்கொண்டு வேறு எதற்கோ வைத்துவிட்டது என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மத்தியானச் சாப்பாட்டு டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரியாணியா தயிர்சாதமா என்று பின் வரிசையில் ஒரே சத்தம். வேதக்கனி தயிர்சாதம் வாங்கினாள்.

நாட்டமானி வந்த பிறகு வாழ்க்கை சுலபமாகிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வீட்டு வாசல் நிலையில் பச்சை வில்லை ஒட்டியிருந்தால் அங்கே யாரும் பிள்ளையை விடலாம். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இவனைக் கொஞ்சம் பிடிங்க, டிக்கெட் எடுத்துட்டு வந்திருதேன்” என்று தாய்மார்கள் குழந்தையை நீட்டினார்கள். பள்ளிக்கூடங்களில் ‘என் உடம்பு என்னுடையது’ என்ற பாடத்தை எடுத்துவிட்டார்கள். மங்கையக்காவைப் போன்றவர்களுக்கு வேலை போயிற்று. குழந்தைகள் புகார் சொல்லும் தொலைபேசி எண்ணையும் மூடினார்கள். அழைப்பே வருவதில்லை, இது நம் வெற்றி என்று அமைச்சர் ஒருவர் பேசினார். பச்சைக்காரரைப் பற்றி ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் அவரை மறுபடி அளப்பார்கள். மறுபடி பச்சை வரும். பிள்ளை கனாக் கண்டிருக்கிறது என்று எழுதி முடிப்பார்கள். கொஞ்ச காலத்தில் பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிட்டன.

வேதக்கனிக்குப் பிள்ளை இல்லை. அவள் அக்கா பாக்கியம் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபோது எட்டு வயது மகள் ரூத்தை இவளிடம் விட்டுப் போனாள். அக்கா புருஷன் இறந்து வெகுநாளாயிற்று. “தம்பி பச்சை, அளந்ததே நீ. எனக்கு என்னட்டி கவலை?” என்று சொல்லித்தான் விமானம் ஏறினாள்.

தம்பி என்று அவள் சொன்னது வேதக்கனியின் புருஷன் ஜெயசிங்கை. கல்யாணத்துக்கு முன் அவரை அளந்தது வேதக்கனிதான். பச்சை என்றால் அப்படியொரு பச்சை, நாட்டமானியின் அளவு ஊசி அசையக்கூட இல்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் பளுதூக்கி இயந்திரங்கள் தாமாகவே ஓடத் தொடங்கிய பிறகு, அவற்றை வீட்டிலிருந்தே திரையில் கண்காணிக்கும் வேலை அவருக்கு. காலையில் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்துவிடும். வேதக்கனி வீட்டுக்கு வர ஆறு மணி ஆகும். இடையில் பள்ளிவிட்டு வரும் ரூத்துக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பது அவர் பொறுப்பு. தெருவில் எல்லாருக்கும் வேண்டியவர். கரண்ட் போனாலும் கன்றுக்குட்டி ஓடினாலும் “ஜெயசிங் அண்ணாச்சியக் கூப்பிடு” என்பார்கள்.

“நாள் பூரா ஒரு சின்னப்பொண்ணு காதுக்குள்ள இருந்து என்னை ஏசுதா, வேதா” என்று சாப்பாட்டுத் தட்டின் முன் சொல்லுவார். மேலதிகாரியைத்தான் சொல்கிறார். “இந்த டப்பாவ ஏன் அங்க வச்சீங்க, அந்த டப்பாவ ஏன் இங்க வச்சீங்க. நான் வைக்கவே இல்லட்டி, மெஷினு வச்சது. திருப்பி ஒரு வார்த்தை பேச முடியல.”

“விடுங்க.”

“விட்டுட்டுத்தான இருக்கேன்.” சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் ரூத் மாறினாள். அதற்கு முன் அவள் வாயை மூட ஆள் வைக்க வேண்டும். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதிலிருந்து, நண்டுக்குக் காது உண்டா என்பது வரை எல்லாம் பேசுவாள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கேட்டதற்கு மட்டும் பதில் என்றாகி, பிறகு அதுவும் தலையாட்டலாகிவிட்டது. சோற்றைத் தொடுவதில்லை. ஒருநாள் படுக்கையில் போர்வையை இழுத்துவிடும்போது வேதக்கனியின் கையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. பள்ளிக்கூட ஷூ. நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு, காலில் மாட்டியபடியே படுத்திருந்தாள்.

“என்னட்டி இது?”

ரூத் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாளைக்கே கலெக்டர் ஆகப் போறா போலுக்கு, ரெடியாத் தூங்குதா” என்றார் ஜெயசிங், கதவருகே நின்று. வேதக்கனி ஷூவைக் கழற்றி வைத்தாள். காலையில் பார்த்தபோது அது திரும்பக் காலில் இருந்தது.

அந்த வாரம் கதிரேசன் அளவுக்கூடத்துக்கு வந்தான். நிழல்கள் மாதம் ஒருமுறை வந்து மறுபடி அளந்துகொள்ள வேண்டும். கதிரேசன் அந்த ஊரில் இருந்த ஒரே நிழல். வேதக்கனியின் தெருமுனையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் கடை வைத்திருந்தான். அதற்கு முன் அதே இடத்தில் வண்ணமீன் கடை. சாயங்காலமானால் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் மீன்களையெல்லாம் விலை பேசி விற்றுவிட்டு, அவனாகவே கடையை மூடினான். அது நாட்டமானி வருவதற்கு முன்பு. யாரும் அவனைச் சொல்லவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. டாக்டர் நப்பின்னையிடம் தானாகப் போய், “எனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கு. நான் யாரையும் தொட்டதில்ல. சாகிற வரைக்கும் தொடாம இருக்க வழி சொல்லுங்க” என்று கேட்ட முதல் சிலரில் ஒருவன். ரகசியம் காப்போம் என்று அவர் கொடுத்த வாக்கைச் சட்டம் உடைத்தது. பெயர்கள் வெளியே வந்தன. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எவனும் எந்த டாக்டரிடமும் தானாகப் போய் நிற்கவில்லை.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும் மணி கேட்டால் கதிரேசன் ஷட்டரை இறக்கிவிடுவான். தெரு காலியான பிறகுதான் ஏற்றுவான். “பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு” என்பார்கள் தெருவில்.

கூட்டைக் கவிழ்க்கும்போது அவன் பேசினான். “மேடம், ஒரு விஷயம். உங்க வீட்டுப் பிள்ளை ஸ்கூல் விட்டதும் வீட்டுக்குப் போறதில்ல. என் கடைக்கு எதிர்த்தாப்புல குழாயடில உக்காந்திருக்கு. நீங்க வாற நேரத்துக்குக் கொஞ்சம் முந்திதான் எந்திக்குது.”

வேதக்கனியின் கை நின்றது. “நீங்க ஏன் அதப் பாக்கீங்க?”

“பாக்கக் கூடாதுன்னுதான் ஷட்டர இறக்குதேன். அடி இடுக்கு வழியா ஷூவும் பையும் மட்டும் தெரியும்.” அவன் திரையையே பார்த்தபடி சொன்னான். “அது வீட்டுக்குப் போகப் பயப்படுது மேடம். பயம் எப்படி உக்காந்திருக்கும்னு எனக்குத் தெரியும். என்னன்னு கேளுங்க.”

“கேக்கக் கூடாது. சட்டம்.”

“ஆமா. என்னை மட்டும் தெருவுல போறவன் எவனும் என்ன வேணும்னாலும் கேக்கலாம்.”

விளக்கு எரிந்தது. சாம்பல், வழக்கம்போல. வேதக்கனி அந்த விளக்கைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு நிழல், தன் கடை முன்னால் ஒரு பெண்பிள்ளை தினமும் உட்கார்ந்திருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். பிள்ளை பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, ஷூவோடு தூங்குகிறது. கூட்டினால் கணக்குச் சரியாக வந்தது. இத்தனை வருஷம் விளக்கைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் முதலில் நிறம்தான் தெரிந்தது, பிறகுதான் ஆள். சிலசமயம் ஆள் வரவே இல்லை.

வீட்டுக்குப் போய் ஜெயசிங்கிடம் சொன்னாள். அவர் செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, “நானே எழுதிக் கொடுத்துட்டு வாரேன். நீ இதுல வர வேண்டாம், வேலைக்குப் பிரச்சினை” என்றார். நிழல்மேல் புகார் கொடுக்கச் சாட்சியம் தேவையில்லை. பச்சைக்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். குழந்தையைக் கேட்க வேண்டியதும் இல்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் புருஷன் இரண்டாவது கையெழுத்தைப் போட்டான்.

மறுநாள் பகலிலேயே வண்டி வந்தது. உப்பளத்துக்கு அப்பால் வேலி போட்ட நிழற்குடியிருப்புக்குக் கொண்டுபோகிற வண்டி. தெருவே திரண்டு நின்றது. சிலர் துப்பினார்கள். ஒருவன் கடையின் காயில் கம்பிச்சுருள்களை எடுத்துத் தெருவில் வீச, அவை செம்பு நிறத்தில் உருண்டு சாக்கடையில் விழுந்தன. கதிரேசன் எதிர்க்கவில்லை. வண்டியில் ஏறும்போது கூட்டத்தில் வேதக்கனியைக் கண்டுபிடித்து, “கேட்டீங்களா மேடம்?” என்றான்.

அவள் தரையைப் பார்த்தாள். அவன் கேட்டது எதைப் பற்றி என்று மற்ற யாருக்கும் புரியவில்லை.

“என்னத்தக் கேக்கணுமாம் இவனுக்கு?” என்றாள் புஷ்பம். “ஏறுல வண்டியில!”

சாயங்காலம் தெருக்காரர்கள் ஒன்றுகூடி ஜெயசிங்குக்குப் புதுக்காப்பு ஒன்று வாங்கிவந்தார்கள். பழையது வெளுத்துவிட்டதாம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றியவருக்கு அந்தப் பிள்ளையே கட்ட வேண்டும் என்றாள் புஷ்பம். நடுவீட்டில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். தட்டில் சர்க்கரை, மல்லிகை, பச்சைக்காப்பு. ரூத்தைப் பின்னலைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

ரூத் காப்பை எடுத்தாள். அவர் கையை நீட்டினார். அவள் முகத்தில் எதுவும் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி வளைத்தாள், இழுத்தாள், ஷூ நாடாவுக்குப் போடுவதுபோல இரட்டை முடிச்சுப் போட்டாள். இன்னும் இழுத்தாள்.

“ஏ பிள்ளே, அண்ணாச்சி கை வெளுத்துப் போச்சு!” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார் ஜெயசிங். “பாசம்னா இறுக்கமாத்தான் இருக்கும்.”

வேதக்கனி போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். பாக்கியம் உடனே கூப்பிட்டாள். அழுதாள், ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், தம்பிக்கு நன்றி சொன்னாள், நாட்டமானிக்கும் நன்றி சொன்னாள். “பிள்ளகிட்ட குடுட்டி” என்றாள். ரூத் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அம்மா பேசி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதிரேசனின் ஷட்டர் அதற்குப் பிறகு எந்த மணிக்கும் ஏறவில்லை. வேதக்கனி ஷூவைக் கவனித்தாள். ஒரு வாரத்தில் கழற்றிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். பயம் போகக் கொஞ்சம் நாளாகும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஷூ காலில்தான் இருந்தது. ஒருநாள் அளவுக்கூடத்திலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து குழாயடியைப் பார்த்தாள். பூட்டிய கடைக்கு எதிரே, யாரும் இல்லாத இடத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு ரூத் உட்கார்ந்திருந்தாள்.

வேதக்கனி நின்றாள். அந்த மனுஷன் போய்விட்டான். கடை மூடியாயிற்று. பிறகும் பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் அது இங்கே வந்து உட்காரவில்லை, வேறெங்கோ போகாமல் இருக்கிறது. இதைத்தான் கதிரேசன் சொல்லியிருந்தான், வீட்டுக்குப் போகப் பயப்படுகிறது என்று. அப்போது விளக்கு எரிந்ததால் அவள் காதில் விழவில்லை.

அவள் ரூத்தின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அன்றைக்கும் மறுநாளும் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தலையை வலிக்கிறதென்று வேலைக்குப் போகவில்லை. துணி துவைத்தாள். துவைத்ததையே மறுபடி துவைத்தாள். தயிர்சாத டோக்கனும், டாக்டர் நப்பின்னையின் தாழ்ந்த குரலும் நினைவில் வந்தன. ஊசி அசையாத அந்தப் பச்சை விளக்கும் வந்தது. எத்தனை பேருக்கு அவள் அந்த விளக்கைப் பார்த்துப் பச்சை என்று சொல்லியிருப்பாள்! ஊரெல்லாம், பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு அவள் கொடுத்த சாவி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்த பிறகு, அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயசிங் முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். ரூத் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிக்கூட ஷூ.

வேதக்கனி அடுப்பைத் தணித்தாள். ரூத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளும் ஒரு பூண்டை எடுத்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. மங்கையக்காவும் அப்படித்தான் பார்க்காமல் கேட்டாள். மத்தியானம் சாப்பிட்டியா என்று கேட்கிற குரலைத் தேடினாள். கிடைத்தது.

“யாரு வீட்டுக்கு வந்தா உனக்கு வயித்துக்குள்ள என்னமோ செய்யுது?”

கேட்டாயிற்று. வேலை போகும். போகட்டும்.

ரூத்தின் விரல்கள் நின்றன. இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை, அம்மாவும் டீச்சரும் போலீசும் எவரும். அவள் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பவள்போல இருந்தாள். முன்னறையில் டிவியின் சத்தம் குறைந்தது. யாரோ ரிமோட்டை அமுக்குகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமல் போயிற்று.

“யாரும் வர வேண்டாம் சித்தி” என்றாள் ரூத். பல நாள் பேசாததால் குரல் கரகரத்தது. “நீங்க வேலைக்குப் போனாப் போதும்.”

குழம்பு ஒரு கொதி கொதித்து அடங்கியது. வேதக்கனி உரித்த பூண்டை மற்ற பூண்டுகளோடு போட்டாள். தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் அது நம்முடையது இல்லை என்று தோன்றுமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது.

“சொன்னியே, அது போதும்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நான் நம்புதேன்” என்றாள். மங்கையக்கா அதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரூத் இரட்டை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒரு ஷூவைக் கழற்றினாள். பிறகு முன்னறைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வேதக்கனி எழுந்து திரைச்சீலையை விலக்கினாள். ஜெயசிங் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சத்தமில்லாத டிவியில் யாரோ பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் அவரைப் பார்த்தாள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி அளப்பார்கள், மறுபடி பச்சை எரியும், பிள்ளை கனாக் கண்டது என்று எழுதி முடிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். ஆனால் கேள்வி கேட்டவளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. அவர் எழுந்தார். சட்டையை மாட்டினார். வாசலில் செருப்பைத் தேடிக் காலில் நுழைத்தார்.

அவர் படியிறங்கியதும் வேதக்கனி கதவைத் தாழிட்டாள். ஜன்னலுக்குப் போனாள். தெருவில் புஷ்பம் இடுப்பில் குடமும் கையில் மூன்று வயதுப் பேத்தியுமாகக் குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அண்ணாச்சி, நல்ல வேளை வந்தீங்க. இவளக் கொஞ்சம் பிடிங்க, குடத்த இறக்கி வச்சிட்டு வந்திருதேன்.”

“புஷ்பம்!”

வேதக்கனி கத்தினாள். தெருவில் அவள் குரலை இவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பிள்ளைய அவர்ட்ட குடுக்காத! உள்ள கூட்டிட்டுப் போ!”

புஷ்பம் ஜன்னலைப் பார்த்தாள், ஜெயசிங்கைப் பார்த்தாள், அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்ன மைனி நீங்க! அண்ணாச்சி பச்சைதான?”

ஜெயசிங், புஷ்பம் நீட்டிய குழந்தையையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. ரூத் போட்ட முடிச்சு மணிக்கட்டில் அப்படியே இருக்க, இருபுறமும் பச்சை வில்லை ஒட்டிய கதவுகளுக்கு நடுவே நடந்து போய்விட்டார்.